செயலாளர் நாயகத்துக்கும் கிடைக்காத பதில்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். செய்திக்காகவும், சில நாட்களில் செய்தி எதுவும் இல்லாமலும், அந்தப் பந்தலுக்கு நான் போய் வந்திருக்கிறேன். ஒருமுறை ஓர் அம்மா தன்னுடைய பொலித்தீன் பையை என் மடியில் வைத்தார். மகனின் படம், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தன. நான் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, ஐ.நா. எங்களுக்குப் பதில் வாங்கித் தருமா தம்பி என்று கேட்டார்.

தரும் என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம். தராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு கூடவே வந்தது. ஐ.நா. என்பது உண்மையில் என்ன, அதனால் எது முடியும், எது முடியாது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னை ஒரு மனிதரின் வாழ்க்கையில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் ஐ.நா.வின் தலைமைப் பதவியில் இருந்தபோது இறந்தவர். அவர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு ஐ.நா.வுக்கே இன்றுவரை முழுமையான பதில் கிடைக்கவில்லை.

அவர் பெயர் டாக் ஹமர்ஷெல்ட். 1905 ஜூலை 29ஆம் திகதி சுவீடனில் பிறந்தார். தந்தை முதலாம் உலகப்போர்க் காலத்தில் சுவீடனின் பிரதமராக இருந்தவர். பல்கலைக்கழக நகரமான உப்சாலாவில் வளர்ந்த ஹமர்ஷெல்ட் பொருளியல் படித்து, 1933இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சுவீடனின் மத்திய வங்கியில் சபைத் தலைவராக இருந்தார். பின்னர் வெளிவிவகார அமைச்சில் பணியாற்றினார். அமைச்சரவையில் இருந்தபோதும் எந்தக் கட்சியிலும் அவர் சேரவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. கவிதை வாசிப்பதும் மலை ஏறுவதும் அவருக்குப் பிடித்தமானவை.

1953இல் ஐ.நா.வின் முதலாவது செயலாளர் நாயகம் திரிக்வே லீ பதவி விலகினார். கொரியப் போரில் அவர் எடுத்த நிலைப்பாட்டுக்காகச் சோவியத் ஒன்றியம் அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தது. புதியவரைத் தேடிய வல்லரசுகள் சத்தம் போடாத ஒருவரையே விரும்பின. கணக்குப் பார்க்கத் தெரிந்த, தனக்கென்று அரசியல் இல்லாத ஒரு சுவீடன் அதிகாரி எல்லோருக்கும் வசதியாகத் தெரிந்தார். அந்த ஏப்ரலில் ஹமர்ஷெல்ட் பதவியேற்றபோது, இவர் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்குப் பிழைத்தது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. நியூயோர்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குள்ளேயே அமெரிக்காவின் உளவுப் பிரிவினர் இருந்து ஊழியர்களை விசாரித்தார்கள். ஹமர்ஷெல்ட் அவர்களை வெளியேற்றினார். ஐ.நா.வில் வேலை செய்பவர் தன் நாட்டுக்கு அல்ல, ஐ.நா. சாசனத்துக்கே கடமைப்பட்டவர் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கருத்துக்காகத்தான் பின்னர் அவர் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1955 ஜனவரியில் அவர் பீஜிங் போனார். கொரியப் போரின்போது பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினரை மாவோவின் சீனா சிறையில் வைத்திருந்தது. அந்தச் சீனாவுக்கு அப்போது ஐ.நா.வில் ஆசனம் இல்லை. பொதுச் சபையோ ஏற்கனவே சீனாவைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. கண்டித்த சபையின் தூதுவராகப் போனால் கதவு திறக்காது என்பதை உணர்ந்த ஹமர்ஷெல்ட், சாசனம் தன் பதவிக்குத் தந்த பொறுப்பின் பேரிலேயே வந்திருப்பதாகச் சொல்லிச் சூ என்லாயோடு பேசினார். ஓகஸ்டில் 11 விமானப்படையினர் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி 16 நாடுகள் ஒரே நாளில் ஐ.நா.வில் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்று இலங்கை. அதற்கு முன்னர் இலங்கையின் விண்ணப்பத்தைச் சோவியத் ஒன்றியம் தன் வீட்டோ அதிகாரத்தால் தடுத்திருந்தது. ஒரு நாட்டின் தகுதியைவிட வல்லரசுகளின் பேரம்தான் கதவைத் திறக்கும், மூடும் என்பதை இலங்கை உள்ளே நுழையும்போதே அறிந்திருந்தது.

ஐ.நா.வின் பலமும் பலவீனமும் ஒரே வாரத்தில் தெரிந்தது 1956இல். சுயஸ் கால்வாயை எகிப்து தேசியமயமாக்கியதைத் தொடர்ந்து இஸ்ரேலும் பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. பாதுகாப்புச் சபையில் பிரித்தானியாவும் பிரான்சும் வீட்டோவைப் பயன்படுத்தின. விடயம் பொதுச் சபைக்குப் போனது. கனடாவின் லெஸ்டர் பியர்சன் ஒரு சர்வதேசப் படையை யோசனையாக முன்வைத்தார். அதற்கான திட்டத்தை 48 மணித்தியாலங்களில் தரும்படி சபை ஹமர்ஷெல்டைக் கேட்டது. அவர் தந்தார். நவம்பர் நடுப்பகுதியில் ஐ.நா.வின் முதலாவது அமைதிகாக்கும் படை எகிப்தில் இறங்கியது. இன்று உலகம் முழுவதும் தெரியும் நீலத் தொப்பி அங்கிருந்து வந்ததுதான்.

அதே நாட்களில் சோவியத் தாங்கிகள் ஹங்கேரியின் தலைநகருக்குள் புகுந்தன. அங்கேயும் மக்கள் ஐ.நா.வை அழைத்தார்கள். பொதுச் சபை கண்டித்தது. ஆனால் ஒரு பார்வையாளர்கூட உள்ளே போக முடியவில்லை. சுயஸில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே பக்கம் நின்றபடியால் பிரித்தானியாவும் பிரான்சும் பின்வாங்க நேர்ந்தது. ஹங்கேரியில் படையெடுத்ததே ஒரு வல்லரசு. அதை அசைக்க யாரும் தயாராக இல்லை. ஒரே மனிதர், ஒரே சாசனம், ஒரே வாரம். ஓர் இடத்தில் படை வந்தது, மற்ற இடத்தில் தீர்மானம் மட்டும் வந்தது. இதை வாசித்தபோது 2009இன் முதல் மாதங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. வன்னியில் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் இலங்கையின் நிலைமை பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் ஒருபோதும் ஏறவில்லை. மண்டபத்துக்கு வெளியே முறைசாராத சந்திப்புகள் மட்டும் நடந்தன.

ஹமர்ஷெல்டை உடைத்தது கொங்கோ. 1960 ஜூன் 30ஆம் திகதி பெல்ஜியத்திடமிருந்து கொங்கோ சுதந்திரம் பெற்றது. சில நாட்களிலேயே இராணுவம் கலகம் செய்தது. பெல்ஜியப் படைகள் திரும்பி வந்தன. ஜூலை 11ஆம் திகதி, செம்பும் கோபால்ற்றும் யுரேனியமும் நிறைந்த கட்டாங்கா மாகாணம் மொய்ஸ் சோம்பே தலைமையில் பிரிந்துபோவதாக அறிவித்தது. அதன் பின்னால் பெல்ஜியத்தின் சுரங்கக் கம்பனியின் பணம் இருந்தது. பிரதமர் பத்ரிஸ் லுமும்பா ஐ.நா.வின் உதவியைக் கேட்டார். ஜூலை 14ஆம் திகதி பாதுகாப்புச் சபை அனுமதித்தது. விரைவில் ஆயிரக்கணக்கான படையினர் கொங்கோவில் இறங்கினார்கள்.

இங்கே ஹமர்ஷெல்டின் மீதான மரியாதையைச் சற்று ஒதுக்கிவைத்துத்தான் நான் எழுத வேண்டும். கட்டாங்காவின் பிரிவினையைப் படைபலத்தால் முடித்துவைக்கும்படி லுமும்பா கேட்டார். அது உள்நாட்டு விவகாரம், அதில் ஐ.நா. ஒரு பக்கம் சாய முடியாது என்று ஹமர்ஷெல்ட் மறுத்தார். லுமும்பா சோவியத் ஒன்றியத்திடம் போனார். ஆட்சி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. வீட்டுக் காவலில் இருந்த அவரை ஐ.நா. படையினர் பாதுகாத்தார்கள். நவம்பர் இறுதியில் அவர் அங்கிருந்து தப்பிப் போனபோது பிடிபட்டார். அவர் அடித்து இழுத்துச் செல்லப்பட்ட வேளையில், அருகில் இருந்த ஐ.நா. படையினர் தலையிடவில்லை. தலையிட அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. 1961 ஜனவரி 17ஆம் திகதி கட்டாங்காவில் லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். உடல்கூட மிஞ்சாதபடி அழிக்கப்பட்டது. 2022 ஜூனில் பெல்ஜியம் அவருடைய ஒரு பல்லைக் குடும்பத்திடம் கையளித்தது. 61 ஆண்டுகளின் பின்னர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு பல். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குக் கந்தசுவாமி கோயிலடிப் பந்தல்தான் ஞாபகம் வந்தது. ஒரு எலும்பையாவது காட்டுங்கள் என்று கேட்ட தாய்மாரை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

உள்நாட்டு விவகாரம் என்ற சொல் நமக்குப் புதியதல்ல. ஆனால் அந்த நாட்களில் அந்தச் சொல்லை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தேடியபோது ஒரு தகவல் என்னைத் திகைக்க வைத்தது. 1960இலும் 1961இலும் இலங்கை பாதுகாப்புச் சபையின் உறுப்பினராக இருந்தது. 1961 பெப்ரவரி 21ஆம் திகதி கொங்கோ பற்றி அந்தச் சபை நிறைவேற்றிய 161ஆம் இலக்கத் தீர்மானத்தை முன்வைத்த மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. உள்நாட்டுப் போரைத் தடுக்க, கடைசி வழியாகப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்று அந்தத் தீர்மானம் சொன்னது. லுமும்பாவினதும் தோழர்களினதும் மரணம் பற்றி உடனடியான, பக்கச்சார்பற்ற விசாரணை வேண்டும், குற்றம் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது.

அதற்கு முதல் நாள், பெப்ரவரி 20ஆம் திகதி, யாழ்ப்பாணம் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது. இரண்டு மாதங்கள் ஆகுமுன் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் கைதானார்கள். ஆபிரிக்காவில் நடந்த கொலைக்குச் சர்வதேச விசாரணை கேட்ட அதே அரசு, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தவர்களோடு பேசவில்லை. பிற்காலத்தில் தனக்கு விசாரணை என்று வந்தபோது இறைமையைத்தான் முன்னே வைத்தது. இலங்கை மட்டும் இப்படி நடந்துகொள்வதாக நான் நினைக்கவில்லை. சர்வதேச ஒத்துழைப்பின் அடிப்படைச் சிக்கலே இதுதான். நீதி அடுத்தவன் வீட்டுக்குத் தேவைப்படும்போது எல்லா அரசுகளும் சர்வதேசவாதிகள். தன் வீட்டைத் தட்டும்போது எல்லாமே உள்நாட்டு விவகாரம்.

லுமும்பாவுக்குப் பிறகு ஹமர்ஷெல்ட் எல்லாப் பக்கமும் எதிரிகளைச் சம்பாதித்திருந்தார். அதற்கு முன்னரே, 1960 இலையுதிர் காலத்தில், சோவியத் தலைவர் குருஷேவ் அவரைப் பதவி விலகச் சொல்லியிருந்தார். ஒரு செயலாளர் நாயகத்துக்குப் பதிலாக மேற்கு, கிழக்கு, நடுநிலை என்று மூன்று பேரை நியமிக்க வேண்டும், மூவரும் உடன்பட்டால்தான் எதுவும் நடக்க வேண்டும் என்றும் கேட்டார். அதாவது வீட்டோவைச் செயலகத்துக்குள்ளும் கொண்டுவருவது. ஹமர்ஷெல்ட் பொதுச் சபையில் எழுந்து பதில் சொன்னார். விலகுவது சுலபம், இருப்பதுதான் கடினம் என்ற பொருளில் பேசினார். ஐ.நா. தேவைப்படுவது வல்லரசுகளுக்கு அல்ல, தங்களைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லாத மற்ற நாடுகளுக்குத்தான், அந்த நாடுகள் விரும்பும்வரை தான் இருப்பேன் என்றார். சபை நெடுநேரம் கைதட்டியது.

கைதட்டல் பணமாகவில்லை. கொங்கோ நடவடிக்கைக்கான தங்கள் பங்கைச் சோவியத் ஒன்றியமும் பிரான்சும் கட்ட மறுத்தன. கடன் பத்திரம் விற்றுச் செலவைச் சமாளிக்க வேண்டிய நிலைக்கு ஐ.நா. போனது. இன்றும் வல்லரசுகள் நிலுவையைக் கட்டாமல் இழுக்கும்போது முதலில் வெட்டு விழுவது அகதி முகாமின் அரிசியிலும் மனித உரிமை அலுவலகத்தின் ஆளணியிலும்தான். உக்ரைனுக்கு ரஷ்யாவின் வீட்டோ, காஸாவுக்கு அமெரிக்காவின் வீட்டோ. பெயர்கள் மாறியிருக்கின்றன, பூட்டு அதேதான்.

1961 செப்டெம்பரில் கட்டாங்காவில் ஐ.நா. படைக்கும் சோம்பேயின் படைக்கும் சண்டை மூண்டது. சோம்பேயின் படையில் ஐரோப்பியக் கூலிப்படையினர் இருந்தார்கள். சண்டையை நிறுத்தச் சோம்பேயை நேரில் சந்திக்க ஹமர்ஷெல்ட் முடிவு செய்தார். சந்திப்பிடம், அப்போது பிரித்தானியாவின் ஆளுகையில் இருந்த வட ரொடீசியாவின் ண்டோலா நகரம். இன்று அது சாம்பியா. செப்டெம்பர் 17ஆம் திகதி பிற்பகல் லியோபோல்ட்வில்லில் இருந்து அவருடைய விமானம் புறப்பட்டது. கட்டாங்காவின் போர் விமானத்துக்குப் பயந்து அது சுற்றுப்பாதையில் போனது. நள்ளிரவு கடந்ததும் ண்டோலா விமான நிலையத்தின் விளக்குகள் தெரிவதாக விமானி அறிவித்தார். அதன் பின்னர் விமானம் இறங்கவில்லை.

விமான நிலையத்தில் காத்திருந்த அதிகாரிகள், அவர் வேறெங்கோ போயிருப்பார் என்று முடிவு செய்து படுக்கப் போனார்கள். சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது ஏறக்குறைய 15 மணித்தியாலங்கள் கடந்திருந்தன. அது விழுந்து கிடந்தது விமான நிலையத்திலிருந்து 15 கிலோமீற்றர் அளவு தூரத்தில். விமானத்தில் இருந்த 16 பேரில் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். பாதுகாப்பு அதிகாரியான ஹரோல்ட் ஜூலியன். வானத்தில் தீப்பொறிகளையும் வெடிப்பையும் பற்றி மருத்துவமனையில் அவர் பேசினார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று அது ஒதுக்கப்பட்டது. சில நாட்களில் அவரும் இறந்தார். ஹமர்ஷெல்டுக்கு அப்போது வயது 56. அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவர் இறந்த பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது.

அதன் பின் நடந்ததைத்தான் நமது வாசகர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ரொடீசிய அதிகாரிகள் நடத்திய விசாரணை, விமானியின் தவறு என்று முடித்தது. விமானம் விழுந்த காட்டில் கரி சுட்டுப் பிழைத்த ஆபிரிக்கர்கள் இருந்தார்கள். வானத்தில் இன்னொரு சிறிய விமானத்தைக் கண்டதாகவும், பெரிய விமானம் தீப்பற்றி விழுந்ததாகவும் அவர்களில் சிலர் சொன்னார்கள். கறுப்பர்களின் சாட்சியத்துக்கு அந்த விசாரணையில் பெறுமதி இருக்கவில்லை. 1962இல் ஐ.நா. நடத்திய விசாரணை, விபத்து என்றோ தாக்குதல் என்றோ முடிவுக்கு வரவில்லை. ஆனால் அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்ட பொதுச் சபைத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. புதிய சான்று எது வந்தாலும் அதைச் செயலாளர் நாயகம் சபைக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்த வரி.

அரை நூற்றாண்டு அந்த வரி தூங்கியது. அதற்கிடையில் சாம்பியாவில் பணியாற்றிய சுவீடன்காரர் ஒருவர், வயது முதிர்ந்துவிட்ட அந்தக் கரிசுடும் மனிதர்களைத் தேடிப் போய் அவர்கள் கண்டதை எழுதி வைத்தார். ஆய்வாளர் சூசன் வில்லியம்ஸ் 2011இல் ஆவணங்களைத் திரட்டி நூல் எழுதினார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் தாங்களாகவே ஓர் ஆணைக்குழு அமைத்து, மீண்டும் விசாரிக்கப் போதுமான சான்று உண்டு என்று 2013இல் அறிவித்தார்கள். அப்போதுதான் 1962இன் வரி விழித்தது. தன்சானியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் மொஹமட் சந்தே ஒத்மான் 2017 முதல் ஐ.நா.வுக்காகத் தொடர்ந்து அறிக்கைகள் தந்திருக்கிறார். வெளித் தாக்குதலோ அச்சுறுத்தலோ காரணமாக இருந்திருக்கக்கூடும் என்பது நம்பத்தக்கது என்கிறார் அவர். சில உறுப்பு நாடுகளின் உளவுத்துறைகளிடம் இன்னும் வெளிப்படுத்தப்படாத தகவல் இருக்கலாம் என்றும் சொல்கிறார். அமெரிக்கா, பிரித்தானியா, தென்னாபிரிக்கா ஆகியவற்றின் பெயர்கள் அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கடிதங்கள் போகின்றன, முழுமையான பதில் வருவதில்லை.

தன் தலைவர் எப்படி இறந்தார் என்பதைத் தன் உறுப்பு நாடுகளிடமிருந்தே ஐ.நா.வால் வாங்க முடியவில்லை. இதை முதலில் வாசித்தபோது அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்கே கிடைக்காதது நமக்கா கிடைக்கும்? 2008 செப்டெம்பரில் ஐ.நா.வின் சர்வதேசப் பணியாளர்கள் வன்னியை விட்டுப் போனதையும், இலங்கையின் இறுதிப் போரில் ஐ.நா. தோற்றுப்போனதாக அதன் உள்ளக மீளாய்வு அறிக்கையே 2012இல் ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

ஆனால் அந்த வாழ்க்கையை மீண்டும் மீண்டும் படித்த பிறகு என் முடிவு சற்று மாறியிருக்கிறது. ஐ.நா. தானாக உண்மையைத் தேடாது. அரசுகள் தானாகக் கோப்பைத் திறக்காது. ஆனால் ஹமர்ஷெல்டின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. அதைத் திறந்து வைத்திருப்பவை ஒரு தீர்மானத்தில் சேர்ந்த ஒரு வரியும், யாரும் மதிக்காத ஏழை மனிதர்களின் சாட்சியமும், அதை எழுதி வைத்தவர்களின் பிடிவாதமும்தான். 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கை பற்றிய சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையாளரின் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. அது நீதி அல்ல. நீதிமன்றமும் அல்ல. ஆனால் 1962இன் வரியைப் போல, பின்னொரு நாளில் யாரோ கைவைக்கக்கூடிய ஒரு கதவு. அந்தக் கதவைக் காசில்லை என்று சொல்லி மூடவிடாமல் பார்ப்பதும், அதற்குள் போக வேண்டியதைப் போட்டு வைப்பதும் நம்முடைய வேலை.

நியூயோர்க் தலைமையகத்தில் ஹமர்ஷெல்ட் முன்னின்று அமைத்த ஒரு சிறிய தியான அறை இருக்கிறது. அதன் நடுவே சுவீடனிலிருந்து கொண்டுவந்த இரும்புத்தாதுப் பாறை ஒன்று, ஆறரைத் தொன் எடையில். எந்த மதத்தின் அடையாளமும் அங்கே இல்லை. இரும்பில் வாளும் செய்யலாம், கலப்பையும் செய்யலாம், எதைச் செய்வது என்பது மனிதர் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் அவர் அந்தத் தாதுவைத் தேர்ந்தெடுத்தார். ஐ.நா.வும் அப்படி ஒரு பாறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தானாக எதுவாகவும் மாறாது.

அந்த அம்மாவை அதன் பிறகு ஒருமுறை சந்தித்தேன். ஹமர்ஷெல்டின் கதையை என்னால் முடிந்தவரை சொன்னேன். அவ்வளவு பெரிய ஆளுக்கே இப்படியா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கரி சுடுகிற ஆட்கள் சொன்னதை எழுதி வைத்தது நல்லது என்றார். பையைத் திறந்து, மகனை ஒப்படைத்த அன்று தன்னோடு வரிசையில் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டேன். திகதியையும் நேரத்தையும் போட்டு, அவரிடம் வாசித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கினேன். ஒரு பிரதி அந்தப் பைக்குள் இருக்கிறது. இன்னொன்று என்னிடம் இருக்கிறது.